கியர் ராடு போகும் துளை

என் கணவரின் வலது கால் மடங்காது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். பெங்களூரில், ஓசூர் ரோட்டில் ஒரு பஸ் இடித்து, முழங்கால் மூட்டுக்குள் சீழ் பிடித்து, ஆபரேஷனுக்கு மேல் ஆபரேஷன் செய்தும் சரிவராமல், கடைசியில் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடக்கிறார், மாடிப்படி ஏறுகிறார், அடுப்படிக்கு வந்து நின்று குழம்பில் குற்றம் சொல்கிறார். உட்காரும்போது மட்டும் அந்தக் கால் எதிரே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆறடிக்கு மேல் உயரம் வேறு.

ஆட்டோவில் ஏறினால் பாதம் வெளியே போய்விடும். ஒரு தடவை ஆஸ்டின் டவுன் சிக்னலில் ஒரு பைக்காரன் அதில் இடித்துவிட்டு, "காலை உள்ள வெச்சிக்கங்க சார்" என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போனான். போனில் கூப்பிடுகிற டாக்சிகளில் முன் சீட்டை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் அவர் பாதம் டேஷ்போர்டுக்குக் கீழே போய் முட்டும். அவர் பக்கவாட்டில் சாய்ந்து, காலைத் தூக்கி வைத்து, கதவை மூடுவதற்குள் டிரைவர் இரண்டு தடவை பெருமூச்சு விட்டிருப்பான். இவருக்கு அது பொறுக்காது. பாதி ஏறியவர் இறங்கி, "வேணாம், நீ போப்பா" என்று அனுப்பிவிடுவார்.

அதனால்தான் எங்கள் பழைய காரை நாங்கள் விடவில்லை. அதில் முன்சீட் ஒரே பெஞ்சு. கியர் தரையில் இல்லை. ஸ்டியரிங் தண்டிலேயே, சக்கரத்துக்குக் கீழே ஒரு கைப்பிடியாக இருக்கும். நடுவில் எதுவும் இல்லாததால் அவர் இடது கதவில் முதுகைச் சாய்த்து, வலது காலைக் குறுக்காக என் பக்கம் நீட்டிக்கொள்வார். பாதம் என் கிளட்ச் பெடலுக்குச் சற்றுத் தள்ளி வந்து நிற்கும். வண்டி ஓட்டுவது நான். உலகத்தில் ஓடுகிற வாகனங்களில் அவர் வலியில்லாமல் உட்காரும் இடம் அது ஒன்றுதான்.

இதை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டியிலிருந்து யாராவது போனை நீட்டிப் படம் எடுப்பார்கள். "சூப்பர் மெயின்டெனன்ஸ் மேடம், இதுல உங்களுக்கு அவ்ளோ ஆசையா?" என்பார்கள். எனக்கு அந்த வண்டி மேல் ஓர் ஆசையும் கிடையாது. பொம்மசந்திராவில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ். வாரத்தில் ஒருநாள், இரண்டு நாள் அவரை எங்காவது கூட்டிப்போவதற்குத்தான் அந்தக் கார். கிளட்சை மிதித்து மிதித்து என் இடுப்புத்தான் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, அவருக்குக் கால் நகம் வெட்ட உட்கார்ந்தேன். வலது பாதத்தின் உட்பக்கம், கணுக்காலுக்குக் கீழே, ஒரு கொப்புளம். கோலிக்குண்டு அளவு. தோல் பளபளவென்று, உள்ளே நீர் கோர்த்திருந்தது.

"இது என்னங்க?"

"எது?"

"இங்க. கொப்புளம்."

குனிந்து பார்த்தார். அவருக்கு அது முழுசாகத் தெரியவும் இல்லை. "ஷூ கடிச்சிருக்கும்" என்றார்.

அவருக்குச் சர்க்கரை வந்து பல வருடம். அந்தப் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. ஊசியால் குத்தினாலும் தெரியாது. ஆனால் ஷூ கடித்தால் அப்படிப் பளபளக்காது. அது சூடு பட்ட கொப்புளம் என்று எனக்குச் சந்தேகம். வீட்டில் எங்கே சூடு பட்டது, எப்படிப் பட்டது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் அவரை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டோம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, வண்டி நகரவில்லை. ஏதோ தோன்றி, இடது கையைக் கீழே விட்டு அவர் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். இட்லிப் பானையின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரி அனல்.

எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் ஓர் இரும்புத் தகடு இருக்கிறது. மெக்கானிக்குகள் ஃபயர்வால் என்பார்கள். ஸ்டியரிங்கை ஒட்டி இறங்கும் கியர் ராடு அந்தத் தகட்டைத் துளைத்துக்கொண்டுதான் எஞ்சின் பக்கம் போகிறது. துளையைச் சுற்றி ரப்பர் இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் ரப்பரும் இல்லை, துளையும் துளையாக இல்லை. யாரோ ஒரு காலத்தில் ஸ்டியரிங்கைக் கழற்ற முடியாமல் உளியால் அடித்து வாயைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஓரமெல்லாம் விரிசல். அதில் ஒரு பழைய துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். அந்தத் துணி எப்போது விழுந்ததோ தெரியாது. எஞ்சினின் அனல் மொத்தமும் நேராக அவருடைய உணர்ச்சியில்லாத பாதத்தின் மேல்தான் வந்துகொண்டிருந்தது.

டாக்டரிடம் இருந்த நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டே, "வெந்நீர் ஊத்திட்டீங்களா?" என்று என்னைத்தான் கேட்டாள். கார் என்றேன். அவள் நம்பவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாற்ற வேண்டும், புண் ஆறாவிட்டால் பாதத்துக்கே ஆபத்து என்று சொல்லி அனுப்பினார்கள். புண்ணுக்கு மருந்து போடப் போக வேண்டுமானால் அந்தக் காரில்தான் போக வேண்டும். புண்ணை உண்டாக்கியதும் அந்தக் கார்தான்.

அடுகோடியில் ஒரு சந்தில் எங்கள் மெக்கானிக்கின் கடை. எங்கள் ஊர்ப்பக்கத்துத் தமிழ்க்காரர். இந்த மாதிரிப் பழைய வண்டிகளை இன்னும் தொடுகிற ஒன்றிரண்டு பேரில் ஒருவர். பானட்டைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இது நம்ம வேலை இல்லக்கா. டிங்கர் வேலை. புதுத் தகடு வெச்சி வெல்டு அடிக்கணும். அவன் அடிச்சிக் குட்தா நான் ஸ்டியரிங்க மாட்டிக் குடுத்துருவேன். ரெண்டு நாள்."

டிங்கர் கடை எதிர்ப்பக்கம். நடுவில் ஒரு லாரி நுழைகிற அகலம்தான். டிங்கர் பாயும் வந்து பார்த்தார். நெளிந்த கதவையும் மட்கார்டையும் தட்டித் தட்டி நேராக்குகிறவர். "டென்ஷன் நக்கோ அம்மா, கவல வேணாம். சின்ன வேலை. ஸ்டியரிங்க மட்டும் அவரு கழட்டித் தரட்டும்" என்றார்.

அந்த இரண்டு நாள் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. முதலில் மெக்கானிக் ஸ்டியரிங்கைக் கழற்றவில்லை, நட்டு துருப்பிடித்துவிட்டதாம். கழற்றியபோது டிங்கர் பாய் கோலாருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் வந்தபோது கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபோது கேஸ் தீர்ந்துவிட்டது. நான் மதியம் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று போன் போடுவேன். "நாளைக்கு கேரண்டிக்கா" என்பார் மெக்கானிக். மறுநாளும் அதே நாளைக்குத்தான்.

இதற்கிடையில் கட்டு மாற்ற ஆட்டோவில் போனோம். நான் ஓரத்தில் உட்கார்ந்து, வெளியே நீட்டிய அவர் காலைக் கையால் பிடித்துக்கொண்டு போவேன். பக்கத்தில் பஸ் வந்தால் உயிர் போய் உயிர் வரும். வாரத்தில் மூன்று அரைநாள் லீவு. என் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இவரோ ஆட்டோவில் வாயே திறக்க மாட்டார். வீட்டுக்கு வந்ததும் தொடங்குவார்.

"எல்லாம் உன் அவசரம். துணிய அடைச்சினு ஓட்டியிருந்தா வண்டியாச்சும் கையில இருந்திருக்கும்."

"துணி எஞ்சின் மேல விழுந்து பத்திக்கிச்சின்னா?"

"இத்தினி வருஷம் பத்திக்கலயே."

பதில் சொன்னால் சண்டை நீளும் என்று எழுந்து போய்விடுவேன்.

ஒரு வழியாக வண்டி வந்தது. தகடு பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. பழைய ஓட்டையை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு அடித்து, கறுப்புப் பெயின்ட் பூசி, நடுவில் வட்டமாக ஒரு துளை, அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். ராடு அதன் நடுவில் கச்சிதமாக நின்றது. கையை வைத்துப் பார்த்தேன், அனல் இல்லை. டிங்கர் பாய்க்கு நன்றி சொல்லிவிட்டு, நேராக வீட்டுக்கு வந்து, அவரை ஏற்றிக்கொண்டு கட்டு மாற்றக் கிளம்பினேன்.

நீலசந்திராவில் எங்கள் தெரு ஓர் இடத்தில் குறுகும். இரண்டு பக்கமும் பைக்குகள். அந்த இடத்தில் எதிரே ஒரு தண்ணீர் டேங்கர் வந்து நின்றது. நான்தான் பின்னால் போக வேண்டும். கியர்க் கைப்பிடியை ரிவர்ஸுக்கு இழுத்தேன். போகவில்லை. கிளட்சை இன்னும் அழுத்தி இழுத்தேன். பாதி தூரம் வந்து 'டக்' என்று நின்றது. ராடு எங்கேயோ இடிக்கிறது.

டேங்கர்காரன் தலையை வெளியே நீட்டி, "மேடம், ஹிந்தே ஹோகி!" என்று பின்னால் போகச் சொல்லிக் கத்தினான்.

"ரிவர்ஸ் பீள்தா இல்லப்பா!" என்று நானும், ரிவர்ஸ் விழவில்லை என்பதைக் கன்னடத்தில் கத்தினேன்.

"நியூட்ரல் பண்ணிட்டு திரும்பப் போடு" என்றார் இவர்.

"பண்ணிட்டேன்."

"கிளட்ச முழுசா மிதி."

"மிதிச்சினுதான் இருக்கேன்."

"மேல தூக்கி இழு. மேல தூக்கி!"

"நீங்க ஓட்றீங்களா?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. எனக்குப் பின்னால் ஓர் ஆட்டோவும் இரண்டு ஸ்கூட்டர்களும் சேர்ந்துவிட்டன. எல்லோரும் ஹாரன். கடைசியில் ஆட்டோக்காரர் தன் வண்டியைப் பின்னால் எடுத்து ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தார். கறிக்கடையிலிருந்து இருவர் வந்தார்கள். மூவரும் முன்னால் நின்று தள்ள, நான் நியூட்ரலில் வைத்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே போனேன். தள்ளிக்கொண்டிருந்த ஒருவர் உள்ளே பார்த்து, "ஐயா எறங்கினா வெயிட்டு கொறையும்" என்றார். இவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டேங்கர் கடந்துபோகும்போது அதன் பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் தெறித்துக் கண்ணாடி முழுவதும் நனைந்தது.

மறுநாள் அடுகோடிக்குப் போனேன். மெக்கானிக் கியரைப் போட்டுப் பார்த்தார்.

"டிங்கர் துளைய சின்னதா போட்டுட்டான்க்கா. ராடு ரிவர்ஸுக்கு மேல ஏறணும். எடம் இல்ல."

சந்தின் எதிர்ப்பக்கம் டிங்கர் பாயிடம் போனேன்.

"நான் என்ன பண்றது அம்மா? ராடு எங்க நிக்குதோ அங்க துளை. அவரு நியூட்ரல்ல வெச்சித் தந்தாரு. ரிவர்ஸ் அப்பிடி போகும்னு அவருதானே சொல்லணும்?"

திரும்ப மெக்கானிக்கிடம்.

"டிங்கருக்கு அது தெரியாதாக்கா? எத்தினி வண்டி பண்ணியிருக்கான்!"

திரும்பவும் டிங்கர் பாயிடம். இப்படி அந்தச் சந்தை நான் எத்தனை முறை தாண்டினேன் என்று தெரியவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசவே இல்லை. இருவருக்கும் நடுவில் வாயாக நான் நடந்துகொண்டிருந்தேன். கடைசி முறை டிங்கர் பாய், "மெக்கானிக் சரியில்ல அம்மா, நீங்க வேற எடம் பாருங்க" என்றபோது எனக்குள் ஏதோ அறுந்தது.

"உங்களுக்குக் கண்ணு இல்லையா? ஒரு கியர் ராடு அசையும்னு தெரியாம எப்பிடி வெல்டு அடிப்பீங்க? எங்க வீட்டுக்காரருக்குக் கால் போயிடும், தெரியுமா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன்.

அவர் கையிலிருந்த சுத்தியலைத் தரையில் வைத்தார். கோபப்படவில்லை. "வேற ஆள பாருங்க அம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மெக்கானிக் இதுதான் சமயமென்று கிரைண்டரை எடுத்து வந்தார். "இவன்கிட்ட போய் எதுக்குக்கா? நான் ரெண்டு நிமிஷத்துல பண்ணித் தரேன்" என்று அந்தப் புதுத் தகட்டில் துளையை நாலாபக்கமும் அறுத்துப் பெரிதாக்கினார். ரிவர்ஸ் விழுந்தது. எல்லா கியரும் விழுந்தது. ரப்பர் வளையம் இப்போது எதிலும் பொருந்தாமல் என் கையில் இருந்தது. துளை பழைய அளவுக்கு வந்துவிட்டது.

"அனல் வருமே?"

"ஏதாச்சும் துணி வெச்சி அடைச்சிக்குங்கக்கா."

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை லீவு, இத்தனை அலைச்சல், கடைசியில் அதே துணி.

"துணிதானே, அடைச்சிடலாம். நான் ரெண்டு சாக்ஸ் போட்டுக்கறேன்" என்றார் அவர்.

"வேணாம். வண்டிய வித்துருவோம்."

"ஒரு கொப்புளத்துக்கா?"

"அது கொப்புளம் இல்லங்க. புண்ணு."

"எனக்கு ஒண்ணும் தெரியலயே. வலியே இல்ல. என் காலப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"தெரியாது!" என்று கத்தினேன். "உங்களுக்குத் தெரியாது! அதாங்க பிரச்சினையே! நெருப்புல வெச்சாலும் உங்களுக்குத் தெரியாது!"

அவர் மெதுவாகக் கையூன்றி எழுந்து, உள் அறைக்குப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, பசியில்லை என்றார். நானும் சாப்பிடவில்லை.

கட்டு மாற்றுகிற நாள் நிற்காதல்லவா? கம்பெனியில் ஒதுக்கி வைத்த அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். தடித்த அட்டை. கத்தரித்து, நடுவில் ராடுக்கு ஒரு கீறல் மட்டும் போட்டு, உள்பக்கத்திலிருந்து தகட்டின் மேல் டேப்பால் ஒட்டினேன். ஒரு தடவை போய் வருவதற்கு அது தாங்கும் என்ற நினைப்பு. போய் வந்தோம். இறங்கிக் குனிந்து பார்த்தபோது அட்டை கிழிந்திருந்தது.

கிழியும் என்று தெரியும். ஆனால் கிழிந்த விதம்தான் எனக்குப் புரியவில்லை. மெக்கானிக் நாலாபக்கமும் அறுத்தாரே, அப்படி இல்லை. கீழ்ப்பக்கம் ஒரு கிழிசலும் இல்லை. மேலே, இடது பக்கம் சாய்ந்து, நீளமாகக் கிழிந்திருந்தது. நெல்லிக்காய் மாதிரி வட்டமாக இல்லை, மாங்காய் மாதிரி ஒரு வடிவம்.

கிழிந்த பெட்டியைப் பார்ப்பதுதான் என் வேலை. எந்த மூலையில் கிழிந்தது, எதனால் கிழிந்தது என்று தினமும் பார்க்கிறவள் நான். இன்னொரு அட்டையை ஒட்டினேன். எஞ்சினை அணைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே எல்லா கியரையும் மாற்றி மாற்றிப் போட்டேன். அட்டை கொஞ்சம்தான் கிழிந்தது. மூன்றாவது அட்டையை ஒட்டிக்கொண்டு, அடுகோடி மேட்டில் இரண்டாம் கியரில் ஏறி இறங்கி வந்து பார்த்தேன். மறுபடியும் அதே நீளமான மாங்காய். அப்படியானால் வண்டி இழுக்கும்போது ராடு தன் இடத்திலேயே இல்லை. எஞ்சினோடு சேர்ந்து அதுவும் எழும்புகிறது.

இதை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். அதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மெக்கானிக் இருந்தால் பாய் தொழுகைக்குப் போயிருப்பார். பாய் இருந்தால் மெக்கானிக் ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பியிருப்பார். இருவரும் இருந்தால், "அவன வரச்சொல்லுங்க", "அவரு வரட்டும்".

ஒரு சனிக்கிழமை காலை, இவரையும் ஏற்றிக்கொண்டு போய், சந்தின் நடுவில் குறுக்காக வண்டியை நிறுத்தினேன். இரண்டு கடை வாசலும் அடைபட்டது. எஞ்சினை அணைத்து, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தேன்.

"என்ன பண்ற நீ?" என்றார் இவர்.

"உக்காந்திருக்கேன்."

"மானம் போவுது."

"போகட்டும்."

மெக்கானிக் ஓடி வந்தார். "அக்கா, கொஞ்சம் ஓரமா எடுங்க. கஸ்டமர் வண்டி வெளிய வரணும்."

"பாயைக் கூப்பிடுங்க. ரெண்டு பேரும் பானட்டுக்கு முன்னால வந்து நின்னாத்தான் எடுப்பேன்."

"நான் எப்பிடிக்கா அவனக் கூப்பிட்றது?"

"வாயாலதான்."

பின்னால் ஒரு சரக்கு ஆட்டோ வந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. டிங்கர் பாய் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அன்றைக்குக் கத்தியதை அவர் மறந்திருக்க மாட்டார். அப்போது இவர் தன் பக்கத்துக் கதவைத் திறந்தார். இரண்டு கையாலும் காலைத் தூக்கி வெளியே வைத்து, கதவைப் பிடித்து எழுந்து நின்றார். வெள்ளைக் கட்டு எல்லோர் கண்ணிலும் பட்டது.

"பாய், வாங்க. அன்னிக்கி இவ கத்துனது எனக்காகத்தான். மனசுல வெச்சிக்காதீங்க. ஒரே ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க."

என் கணவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். மெக்கானிக் பானட்டைத் தூக்கினார். நான் கிழிந்த அட்டைகளை எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்து இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. "இப்ப எஞ்சினப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, பிரேக்கை அழுத்திக்கொண்டு, இரண்டாம் கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விட்டேன்.

எஞ்சின் ஒரு பக்கமாக எழும்பியது. எனக்கு அது தெரியவில்லை. அவர்கள் முகத்தில்தான் தெரிந்தது.

"இன்னொரு வாட்டி விடுங்கக்கா" என்றார் மெக்கானிக். விட்டேன். டார்ச்சைக் கீழே அடித்துப் பார்த்தார். "மவுன்ட்டிங் ரப்பர் போயிடுச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல் பொதுவாக. எஞ்சின் உட்காரும் ரப்பர். ஒரு பக்கம் கூழாகிவிட்டிருந்தது.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் பாய். அவர் சொல்லவே இல்லை.

"எப்ப சொன்ன நீ?" என்று மெக்கானிக் அவரை நேராகப் பார்த்துக் கேட்டார். என் வழியாக இல்லாமல் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. அப்புறம் இருவரும் பானட்டுக்குள் தலையை விட்டபடி சத்தமாகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். சரக்கு ஆட்டோக்காரரும் என் பின்னாலேயே டீ குடிக்க வந்துவிட்டார்.

வேலை அத்தோடு சுலபமாக முடிந்தது என்று சொல்ல முடியாது. ஜே.சி. ரோட்டில் மவுன்ட்டிங் ரப்பர் தேடிக் கடை கடையாக ஏறினேன். முதலில் கிடைத்தது அளவு பெரிதாக இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்க மாட்டேன் என்றான் கடைக்காரன். புது ரப்பர் வைத்த பிறகும் எஞ்சின் கொஞ்சம் அசையத்தான் செய்தது; பழைய வண்டி, அவ்வளவுதான் முடியும் என்றார் மெக்கானிக். நான் மறுபடி அட்டை ஒட்டி, மேட்டில் ஏறி இறங்கி, கிழிந்ததைக் கொண்டுபோய்ப் பாயிடம் கொடுத்தேன். மாங்காய் இப்போது சிறுத்திருந்தது. அவர் அதன் ஓரத்தைச் சாக்கட்டியால் இன்னொரு தகட்டில் வரைந்து, சுற்றிலும் அரை விரல் இடம் விட்டு அறுத்து, பெரிய துளையின் மேல் வைத்து வெல்டு அடித்தார். அந்தக் கோணல் துளைக்கு எந்தக் கடையிலும் ரப்பர் இல்லை. கடைசியில் ஒரு சைக்கிள் கடையிலிருந்து வாங்கிய டியூபை வெட்டி, இரண்டு மடிப்பாகச் சுருக்கம் வைத்து, ஓரத்தில் ஒரு இரும்புப் பட்டை கொடுத்து ஸ்குரு போட்டு முடுக்கினார். ராடு எந்தப் பக்கம் போனாலும் ரப்பரும் கூடவே போனது.

"பாருங்க அம்மா, இப்ப கண்ணு இருக்குதா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "இருக்குது பாய்" என்றேன்.

அனல் முழுவதும் நிற்கவில்லை. தகடே சூடாகிறதே, என்ன செய்வது? மிதியடிக்குக் கீழே வெப்பம் தாங்கும் ஒரு விரிப்பு வாங்கிப் போட்டேன். இரண்டாம் கியர் இன்னும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்தால்தான் விழுகிறது. புண் ஆற அந்த மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. பாதம் தப்பியது. தோல் மட்டும் அந்த இடத்தில் கறுத்து, காகிதம் போல் மெல்லிசாக இருக்கிறது. அன்றைக்குச் சந்தில் பாயிடம் பேசியதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நெரிசலில் நின்றால், "கையை வெச்சிப் பாரு, சூடு இருக்குதா?" என்று அவராகவே கேட்கிறார். நான் குனிந்து வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். சூடு இருந்தால் காலை மடக்க முடியாதே, எஞ்சினை அணைத்துவிடுகிறேன். பின்னாலிருப்பவன் ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும்.

போன மாதம் ஓசூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது பெரிய மழை. மேம்பாலம் தாண்டியதும் அவர் சட்டையில் ஏதோ சொட்டியது. மேலே பார்த்தார், ஒன்றுமில்லை. மறுபடி சொட்டியது. முன் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் விட்டுப்போய், அவர் பக்கத்து மூலையிலிருந்து தண்ணீர் வடிந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தேன். கை வலித்தது.

"இதுக்கு யாரு? மெக்கானிக்கா, பாயா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் இல்ல. கண்ணாடிக்காரன். அவன் கடை எங்க இருக்குதுன்னே தெரியாது."

பின் சீட்டில் கிடந்த துண்டை எட்டி எடுத்து, மடித்து, அந்த மூலையில் வைத்து அழுத்திக்கொண்டார். கை ஓய்ந்தால் மறு கையை மாற்றினார். மழை விடவில்லை. வீடு வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தார்.